சித்தி பகிர்ந்துகொண்ட மாத்திரை

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில், விஜயலெட்சுமி சித்தியிடம் உப்பு கேட்டால் மிளகாயும் சேர்ந்து வரும். தலைவலி என்றால் தைலப் போத்தலே கைமாறும். கொடுக்காமல் இருக்கத் தெரியாத மனுஷி. ஏச்சு மட்டும் எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பாள்.

நாற்பத்தெட்டு வயது. ரத்தப் புற்றுநோய். மூன்று வருடமாகத் தினம் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு மலையேறிக் கொழுந்து பறிக்கிறாள். இமாட்டினிப் என்று அதற்குப் பெயர். பதுளை கிளினிக்கில் டாக்டர் சிங்களத்தில் சொல்வதை, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த நான்தான் தமிழில் சொல்வேன். உடம்புக்குள் கைனேஸ் என்று ஒரு புரதமாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் பதிந்து முடிந்த பிறகும் "இன்னும் ஆள் வா" என்று கத்தும் கங்காணி மாதிரி, வெள்ளையணுக்களைப் பெருக்கிக்கொண்டே இருக்குமாம். மாத்திரை அந்தக் கங்காணியின் வாயை அடைக்கும்.

சித்தியிடம் சுருக்கமாக, "ரத்தத்தச் சரி பண்ணும்" என்றேன். கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்றும் டாக்டர் சொன்னார். அதை நான் விழுங்கிவிட்டேன். பிள்ளையில்லாமல் புருஷனையும் பறிகொடுத்தவள். கேட்டால் முகம் சுண்டிவிடும்.

போன வியாழக்கிழமை அவள் கூடையை மாட்டும்போது மாத்திரை அட்டையைப் பார்த்தேன். நாலு குறைந்தது.

"சித்தி, நாலு எங்க?"

"துஷாந்தினிக்குக் குடுத்தேன்டி. மூணு மாசக்காரி. ரத்தம் காணாதுன்னு மிட்வைஃப் நோனா சொல்லிட்டாங்களாம். நமக்குச் சரியானது அவளுக்கும் சரியாகும்ல?"

டாக்டர் சொன்ன மிச்சத்தைச் சொன்னேன். வழக்கமாக என் முதுகில் விழவேண்டிய கை அன்று எழவில்லை. கூடையைத் தரையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு மலைக்கு ஓடினாள்.

அடுத்த வீட்டுத் துஷாந்தினி மேல் மலையில் கொழுந்து பறிக்க நிரை பிடித்து நின்றாள். சித்திக்கு மூச்சு முட்டியது.

"தின்னியாடி? அத தின்னியா?"

"ரெண்டு போட்டேன் விஜயாக்கா. நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. ஏன் இப்புடி வேர்க்குது ஒங்களுக்கு?"

சித்தி தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் சொன்னேன். துஷாந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மற்றப் பெண்களின் கைகளும் நின்றுவிட்டன.

பதுளைக்குப் போன பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருக்கிக்கொண்டோம். நான் பகடி பேசாத ஒரே பஸ் பயணம் அது. "நான் கொலகாரி" என்று சித்தி இரண்டு தடவை முணுமுணுத்தாள். "சும்மா இருங்கக்கா, எனக்கு வாந்தி வருது" என்றாள் துஷாந்தினி.

ஸ்கேன் அறைக் கதவு மூடியது. சுவரைப் பார்த்தபடி நின்ற சித்தியிடம், "தப்பு என்னோடது சித்தி" என்றேன்.

கதவு திறந்தது. பிள்ளையின் நெஞ்சு துடிக்கிறதாம். "ரெண்டு மாத்திரைதான், இதோட நிப்பாட்டியாச்சு. ஆனா ஒண்ணும் இல்லேன்னு இப்ப என்னால உறுதி சொல்ல ஏலாது. அடுத்த மாசம் திரும்பப் பாக்கணும்," என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

அன்று பொழுது சாய்ந்தும் சித்தி தன் மாத்திரையைத் தொடவில்லை. ரொட்டி ஆறியது. நான் கெஞ்சினேன், அவள் ஏசக்கூட இல்லை. கடைசியில் துஷாந்தினியைக் கூட்டி வந்தேன். மிச்ச இரண்டையும் அவள் சித்தியின் மடியில் வைத்தாள்.

"எனக்கு இன்னும் கோவம் போகல விஜயாக்கா. அடுத்த மாசம் வரைக்கும் போகாது. அதுக்காக நீங்க சாகணுமா? ஸ்கேனுக்குக் கூட வர ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

சித்தி ரொட்டியைப் பிய்த்தாள். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த மாசம் என்னா தேதி, எழுதி வையி. எதையும் முழுங்காம எழுது," என்றாள்.