மூன்றாக அறுத்த அகராதி

போன வாரம் மாதாப்பூர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மின்னஞ்சல் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லின் கீழே நீலக் கோடு விழுந்தது. தொட்டாள், சொல் தானாகவே திருந்திக்கொண்டது. அர்த்தம் என்னவென்று அவள் பார்க்கக்கூட இல்லை. ஓர் அர்த்தத்துக்காக அந்தக் காலத்தில் நாங்கள் போட்ட சண்டை உங்களுக்குத் தெரியாது!

செகந்திராபாத் பக்கம் அமீர்பேட்டில் ஒரு ஹாஸ்டல் அறை, மூன்று பேர். திருநெல்வேலிக்காரி நான், தேனி சாந்தி, காஜிபேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண் லாவண்யா. பகலில் ஜாவா வகுப்பு, சாயங்காலம் நேர்முகத் தேர்வுக்கான ஆங்கிலம். கோட்டி பஜாரின் பழைய புத்தகக் கடையில் தடியாக ஓர் அகராதி வாங்கினோம். ஆனால் மூவருக்கும் ஒரே நேரத்தில் வேண்டுமே. காய் நறுக்கும் கத்தியால் அதன் முதுகை அறுத்துப் பங்கு போட்டோம். ஏ முதல் டி வரை எனக்கு, ஈ முதல் ஓ வரை லாவண்யாவுக்கு, மிச்சம் சாந்திக்கு. என் பங்கில் தேங்காய் எண்ணெய் வாசம், லாவண்யாவின் பங்கில் ஆவக்காய் ஊறுகாய் வாசம். மூன்று பேரும் அவரவர் எழுத்துக்கு மகாராணிகள். ஏ, பி, சி, டியில் என்னை அசைக்க ஆளில்லை என்று நான் அலட்டிய அலட்டல் கொஞ்சமல்ல.

இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும் சொற்கள்தான் வம்பு. அஃபெக்ட் என்னிடம், எஃபெக்ட் லாவண்யாவிடம். அடுத்தவள் பங்கைத் தொடக் கூடாது, வாய்விட்டுக் கேட்க வேண்டும். அது அறைச் சட்டம்.

"ஏட்டி, எஃபெக்ட்னா என்னட்டி?"

"உன் இட்லிப் பொடி என் வயித்த அஃபெக்ட் பண்ணிச்சு. அப்புறம் நான் பட்ட பாடு இருக்கே, அது எஃபெக்ட்."

"அவ்வளவு மோசமாவா இருந்துது?"

"ஹவ், ஆமா. இனிமே அந்தப் பொடி எனக்கு நக்கோ, வேணவே வேணாம்."

இப்படிச் சொன்னால் எப்படி மறக்கும்? நானும் சாந்தியும் அவளை நச்சரித்துக்கொண்டே இருந்தோம். தன்னுடைய சந்தேகங்களை மட்டும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பாள். ஞாயிற்றுக்கிழமையும் நாங்களேதான் கேட்டோம்.

மாதாப்பூரில் ஒரு கம்பெனி எழுத்துத் தேர்வு வைத்தது. அதில் தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று மூவர் வீட்டிலும் கெடு. ஷேர் ஆட்டோவில் ஒட்டி உட்கார்ந்து போனோம். ஈயில் தொடங்கும் சொற்களைப் பார்த்ததும் லாவண்யாவின் குரல் காதில் கேட்டது. சிரித்துக்கொண்டே எழுதினேன்.

நானும் சாந்தியும் தேறினோம். லாவண்யா தேறவில்லை.

"பாதிக் கேள்வி உன் எழுத்துலயே வந்துச்சுடி" என்று அவள்தான் சிரித்தாள். செகந்திராபாத் ஸ்டேஷனில் அவள் ஊருக்குத் திரும்பிய ரயில் கிளம்பியபோது அழுதது நான்.

அந்த ஹாஸ்டலை இடித்துவிட்டார்கள். கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேரோடு வேலை பார்த்துவிட்டேன். தன் பாடத்தை மூடி வைத்துவிட்டு எனக்கு அர்த்தம் சொன்னவள், அவளுக்குப் பிறகு ஒருத்திகூட வரவில்லை.