மூளை அறுவைக்காகக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு

தலைவலி பொறுக்காமல் என் மனைவி தனம் சமையல்கட்டில் வாந்தியெடுத்து விழுந்தது ஒரு புதன்கிழமை. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். மறுநாளே கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். இதே காரணத்துக்காகப் பயணப்பட வேண்டியவர்கள் இன்னும் இருப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

காலை ஏழேகால் ரயில். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு அறுபது காசு. இருபத்தோரு மைலுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து, சிக்கனம் என்று நினைத்து ரிக்‌ஷா வைத்தேன். ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவள் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் புத்தி இருந்திருந்தால் மோட்டார் வண்டி பிடித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளரான யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் ஒருவர் அவள் முகத்துக்கு முன்னால் விரலை வைத்து மெல்ல உயர்த்தினார். விரல் மேலே போயிற்று, அவள் கண் போகவில்லை.

"கூச்சப்படுறா ஐயா. வீட்டுலயும் யாரையும் நிமிர்ந்து பாக்க மாட்டா," என்றேன்.

"கூச்சமில்லைத் தம்பி. பிள்ளையால கண்ணை மேல தூக்க ஏலாமக் கிடக்கு. எவ்வளவு நாளாய் இப்பிடி?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதமாக என் அம்மா, அடக்கமான மருமகள் என்று பக்கத்து வீடுகளிலெல்லாம் அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நானும் அதில் பெருமைப்பட்டேன்.

வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை டிரஸ்ஸர் தமிழில் சொன்னார். மூளையின் நட்டநடுவில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டு. அங்கே கட்டி வந்து, கண்ணை மேலே தூக்கும் நரம்பை அழுத்துகிறதாம். மண்டையோட்டைப் பின்பக்கம் திறந்துதான் பார்க்க வேண்டும். பிழைப்பாள் என்று உறுதியில்லை. டாக்டர் இந்த அறுவையைச் சீமையில் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், செய்ததில்லை. அதை அவர் ஒளிக்கவில்லை. கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை.

"போடுங்க. இந்த வலியோட நான் வீட்டுக்கு வரல," என்றாள் தனம்.

அதே ஊரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, தினமும் மூன்று மைல் நடந்து போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை காலை அறுவை, நாலரை மணி நேரம். கட்டிக்குள் ரத்தம் கசிந்து கறுத்துக் கிடந்ததாம். அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, கட்டியின் தோலையும் டாக்டர் முடிந்தமட்டும் வெட்டியிருந்தார். மூன்று நாள் அவளுக்கு நினைவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

நாலாம் நாள் கண் விழித்தாள். ஆறாவது வாரம் ஊர் திரும்பினோம். சில வேளை இன்னும் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறாள்.

போகிறவர்கள் காலை ரயிலிலேயே போய்விடுங்கள், பகலுக்குள் டாக்டரைப் பார்த்துவிடலாம். மாற்றுத்துணி ஒரு மாதத்துக்கு வேண்டும். வலி எப்போது தொடங்கியது, பார்வை எப்படி இருக்கிறது என்பதை நோயாளியிடமே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். நான் திரும்பும் ரயிலில்தான் கேட்டேன், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று.

"ரெண்டு தடவ சொன்னேங்க," என்றாள், கோபமே இல்லாமல். "எண்ணெய் வச்சுக்கிட்டுப் படுன்னு சொன்னீங்க."