கண்ணாடி காணோம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மியூசியத்தின் கதவை இழுத்து மூட வைத்துவிட்டேன். இரண்டே வார்த்தை சொல்லி.

வாரா வாரம் இங்கே இவ்வளவு பேசுகிறவள்தானே, செய்திருப்பாள் என்று நினைக்காதீர்கள். எனக்கு வாய் பேப்பரில்தான். பஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று சொல்ல நாக்கு எழாமல், அடுத்த ஸ்டாப் வரை போய்த் திரும்பி நடந்து வருகிற ஆள் நான்.

மகன் செல்வத்துக்கு நாவலூரில் ஆபீஸ். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பவன், ரிலாக்ஸ் செய்ய எங்களைக் கூட்டிப்போன இடம் எது தெரியுமா? மகாபலிபுரம் போகிற வழியில் இருக்கும் கண்ணாடி மியூசியம். அந்தக் காலத்தில் கண்ணாடியை எப்படிச் செய்தார்கள், எப்படி ஊதினார்கள் என்று காட்டுகிறார்கள். பக்கத்திலேயே கடல். அதைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனோம்.

கூட மருமகள் கவிதா. அப்புறம் கவிதாவின் அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா. பொத்தேரியில் காலேஜ் பசங்களுக்கு மெஸ் நடத்துகிறார். அத்தனை பசங்களையும் அதட்டி அதட்டியே வளர்ந்த குரல். காரில் முன் சீட் அவருக்கு. பின் சீட்டில் கவிதா, நான், எங்கள் நடுவே சம்பந்தியம்மா கட்டிக்கொண்டு வந்த புளிசாதம். மியூசியம் கேட்டில் புளிசாதத்தை நிறுத்திவிட்டார்கள். என்னை விட்டுவிட்டார்கள்.

உள்ளே ஏசி. கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணாடி. மருந்துக் குப்பி, கோலி சோடா பாட்டில், லாந்தர் கூண்டு... எங்கள் வீட்டில் உடைத்தால் திட்டு வாங்கித் தந்த சாமான்களெல்லாம் இங்கே ஆளுக்கொரு லைட்டோடு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு போர்டையும் சம்பந்தியம்மா எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நானும் ஐந்தாவது வரை படித்தவள்தான். ஆனால் ஒருவர் அவ்வளவு ஆசையாகப் படிக்கும்போது குறுக்கே போகலாமா?

கடைசியாக உலைக்கூடம். நீளக் குழாயின் நுனியில் நெருப்பு உருண்டையை எடுத்து ஒருவர் ஊதினார். வெல்லப்பாகு மாதிரி இழுபட்டு, பூசணிப்பிஞ்சு மாதிரி உப்பியது. சும்மா சொல்லக்கூடாது, அழகு. மகனும் மருமகளும் அதை ஆளுக்கொரு போனில் பார்த்தார்கள். அது கண்ணெதிரிலேயே நடந்தது என்பது வீட்டுக்குப் போய் வீடியோ பார்க்கும்போது தெரிந்திருக்கும்.

உலைக்குக் கிட்டே நிற்பவர்களுக்குப் பாதுகாப்புக்காக ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி தந்தார்கள். என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டேன். ஊதி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் — பெஞ்ச் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. துடைத்துத்தான் விட்டிருந்தார்கள். என் கண்ணாடி இல்லை.

அது இல்லாவிட்டால் கை எட்டும் தூரத்துக்கு அப்பால் எனக்கு எல்லாரும் புகைதான். மகனும் மருமகளும் செல்ஃபி எடுக்க வெளி ஹாலுக்குப் போய்விட்டார்கள். சம்பந்தியம்மா எந்தப் புகை என்று தெரியவில்லை. வேறு வழியில்லை. யூனிஃபார்ம் மாதிரி தெரிந்த ஒரு புகையிடம் போனேன்.

"தம்பி... கண்ணாடி காணோம்பா."

செக்யூரிட்டி நிமிர்ந்தார். "எந்தக் கண்ணாடிம்மா?"

"இங்க பெஞ்சு மேல இருந்துதே."

"எப்டி இருக்கும்?"

"பழசுப்பா. பழுப்பு கலரு."

"பழசுன்னா... எந்தக் காலத்துது?"

இதென்ன கேள்வி? இருந்தாலும் பொறுப்பாக விசாரிக்கிறாரே. "அவரு காலத்துது" என்றேன்.

"எவரு?"

"அவருதாம்பா."

வீட்டுக்காரர் பேரை அவர் உயிரோடு இருந்தபோதே சொன்னதில்லை. இப்போது வாட்ச்மேனிடமா சொல்வேன்?

அவர் வாக்கி டாக்கியை எடுத்தார். "சார், உலைகிட்ட ஒரு பழங்காலத்துக் கண்ணாடி மிஸ்ஸிங் சார். பிரவுன் கலரு. யாரோ ராஜா காலத்துது போல கீது. ஒரு அம்மா பாத்துகீறாங்க, பேரு சொல்ல மாட்டன்றாங்க."

இந்தக் கடைசிப் பேச்சு என் காதில் விழவில்லை. செல்வம் அப்புறம் விசாரித்துச் சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கதவைச் சாத்தினார்கள், வந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து பையைத் திறந்து பார்த்தார்கள். என் ஒரு மூக்குக் கண்ணாடிக்கு இவ்வளவு மரியாதையா... வீட்டில் தொலைத்திருந்தால் ‘நல்லா தேடு’ என்பதோடு முடிந்திருக்கும்.

"இன்னா பேஜாருடா இது" என்றார் சம்பந்தியம்மா. "எவனோ எதையோ தூக்கினு போனான், எங்க புளிசாதம் கேட்ல வெந்துகினு கீது. ஆனா சம்பந்தி, லைட்டு சூப்பரா போட்டுகீறாங்க. அந்தக் கோடி போர்டுகூட எனக்கு இங்கேர்ந்தே பளிச்சுனு தெரியுது."

மேனேஜர் வந்தார். நேராக, என் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற பெண்ணிடம் போனார். அஞ்சலை என்று கூப்பிட்டார்கள்.

"பெஞ்ச தொடச்சது நீதான?"

"நான்தான் சார். தொடச்சேன், போய்ட்டேன்."

"பையக் கொட்டு."

டிபன் பாக்ஸ், மாத்திரை அட்டை, ஒரு கட்டு முருங்கைக்கீரை. கீரைக் கட்டைக்கூடப் பிரித்து உதறினார்கள்.

"ஷோகேஸ்லேர்ந்து வெளிய எடுத்தது யாரு? அதச் சொல்லு."

ஷோகேஸா? என் கண்ணாடி எப்போது ஷோகேஸில் இருந்தது? அதற்குள் செல்வமும் கவிதாவும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். "எம்மா, நீதான் கம்ப்ளெயின்ட் குடுத்தியாமே, இன்னாத்த பாத்த?"

"என் மூக்குக் கண்ணாடிடா. காணோம்."

பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தார்.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? மேனேஜருக்கு ஏறிய கோபம் ஏறியபடி நின்றது. டிக்கெட் எடுத்து வந்தவள் மேல் அதை இறக்க முடியாது. யார் மேல் இறக்குவார்?

"ஸ்பெக்ஸோ எதுவோ, விசிட்டர் பொருள் காணோம். பெஞ்சத் தொடச்சது நீ. நாளைலேர்ந்து வராத."

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். "எம்மா, நான் எடுக்கலம்மா. சொல்லும்மா. இந்த வேலைய நம்பித்தான் எங்க வூடு ஓடுது."

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கு சப்போர்ட்டாக சம்பந்தியம்மா குறுக்கே வந்து நின்றார். "நீங்க பேசாதீங்க சம்பந்தி. நான் கேக்கறேன்."

கை எட்டும் தூரத்தில் அவர் முகம். தலையில் மல்லிகைப்பூவுக்கு முன்னால் ஏற்றிவிட்ட ஒரு கண்ணாடி, அது அவருடையது. மூக்கின் மேல் இன்னொன்று, பழுப்பு கலரில். அது என்னுடையது.

சொன்னால்? ஊரே நிற்கிற இடத்தில், கண்ணாடி எடுத்தவர் என் சம்பந்தி என்றாகும். கவிதா முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? இது ஜென்மத்துக்கும் ஆறாது. சொல்லாவிட்டால் அஞ்சலைக்கு நாளை வேலை இல்லை. கூட்டம் முழுக்க என்னையே பார்க்கிறது.

"சார்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

"சார்." இது உலையில் இருந்தவருக்கே கேட்டிருக்கும். "எங்க சம்பந்தி போட்டுகீறது என் கண்ணாடிதான். நான்தான் போட்டுப் பாருங்கன்னு கையில குடுத்தேன். குடுத்ததே மறந்துட்டேன். வயசாயிடுச்சி சார். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அவள நிறுத்தாதீங்க."

சம்பந்தியம்மாவின் கை மூக்குக்குப் போனது. அப்புறம் தலைக்குப் போனது. மெஸ் நடத்துகிற ஆள், சும்மாவா? ஒரு நொடிதான்.

"ஆமா சார், குடுத்தாங்க. நான்கூட வேணாம்னுதான் சொன்னேன். பாவம், அவங்களுக்கு இப்பல்லாம் ஒண்ணுமே ஞாபகம் நிக்கறதில்ல."

கழற்றி என் கையில் கொடுத்தார். மேனேஜர் அஞ்சலையிடம், "சரி சரி, போய் வேலையப் பாரு" என்றார். அதற்குப் பேர் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கீழே சிதறிய கீரையை நானும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன். அஞ்சலை நிமிராமலே முணுமுணுத்தாள். "மண்ட மேல ஒண்ணு, மூக்கு மேல ஒண்ணு... நான் முன்னாடியே பாத்தேம்மா. நான் சொன்னா எவன் நம்புவான்?"

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ராஜ கவனிப்பு. மறதிக்கு நல்ல டாக்டர் யார் என்று செல்வம் ஆபீஸ் முழுக்க விசாரித்துவிட்டான். நான் பால் காய்ச்சினால் கவிதா வந்து அடுப்பை அணைத்துவிட்டேனா என்று பார்க்கிறாள். பொத்தேரியிலிருந்து தினமும் காலையில் போன் வருகிறது.

"சம்பந்தி, நான் யாருன்னு தெரியுதா?"

உங்களை மறக்க முடியுமா என்கிறேன். மனதாரத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் பேப்பரில் போட்டுவிட்டாயே, சம்பந்தியம்மா படித்துவிட்டுக் கேட்டால் என்ன செய்வாய் என்கிறீர்களா?

நானா எழுதினேன்... எனக்கு ஞாபகமே இல்லையே.