தட்டி அளந்த மாவு

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷத் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. உறவுக்காரர்கள்தான் பலகாரம் செய்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அக்கா இறந்த வருஷம் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருந்த அவள் வீட்டுக்குக் கொண்டுபோகிற கடமை, கடலூரில் வாழ்க்கைப்பட்ட என் தலையில் விழுந்தது.

"அதிரசம் மட்டும் போதும்மா. அவ செய்ற மாதிரி இருந்தா சாப்புடுவேன்" என்றார் மாமா, அக்காவின் வீட்டுக்காரர், போனில். அக்கா போனதிலிருந்து அவர் அரைவயிற்றோடு எழுந்துவிடுகிறார். சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. வாய் திறந்து அவர் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எப்படியாவது அவரைச் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்தது.

அக்காவின் அளவு என் போனில் வாய்ஸ் மெசேஜாக இருந்தது. முந்தைய தீபாவளிக்கு அனுப்பியது. அவள் போன பிறகு அதைத் திறக்க எனக்குப் பயம். ஆனால் அளவு மனப்பாடம்: ஒரு டம்ளர் மாவுக்கு முக்கால் டம்ளர் வெல்லம். டம்ளரையெல்லாம் நம்புகிற ஆளில்லை நான். மகள் கேக் செய்ய வாங்கிய தராசை எடுத்தேன். ஒரு கப் மாவு எத்தனை கிராம், ஒரு கப் வெல்லம் எத்தனை கிராம் என்று இணையத்தில் அட்டவணை பார்த்து, எடை போட்டுப் பாகு காய்ச்சினேன்.

எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து கரைந்து சட்டி முழுக்கக் கறுப்புத் தூள். வெல்லம் ஜாஸ்தி. மறுபடி செய்தேன், அதே கதி. அட்டவணை போட்ட புண்ணியவான் கையில் கிடைத்திருந்தால் சட்டியை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

வேறு வழியில்லாமல் மெசேஜைத் திறந்தேன். "ஏ குட்டி, அவசரப்படாம பண்ணு" என்று அக்கா என் பக்கத்தில் நின்று பேசினாள். அந்தப் பேச்சுக்கு அடியில் டக், டக் என்று ஒரு சத்தம். பேசிக்கொண்டே அளந்திருக்கிறாள். டம்ளரை மேடையில் தட்டி, மாவு அமுங்கியதும் இன்னும் போட்டு, மறுபடி தட்டியிருக்கிறாள். அட்டவணைக்காரன் தட்டாமல் அளந்தவன். மெசேஜை ஓடவிட்டு நானும் அவளோடு சேர்ந்து தட்டினேன். தட்டுவது யார் கை என்று கொஞ்ச நேரம் எனக்கே புரியவில்லை. எடை போட்டபோது மாவு நன்றாகவே கூடியிருந்தது. இந்த முறை அதிரசம் உடையாமல் வந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா கூடத்தில் உட்கார்ந்து ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். மெதுவாக மென்றார். முழுவதும் தின்றார். எனக்கு அழுகை முட்டியது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போனேன்.

"ஏய், நீயும் ஒன்னு எடுத்துக்கடி" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

மாமா என்னை 'டி' போட்டுப் பேசியதே இல்லை. அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுவார். எனக்கும் அக்காவுக்கும் ஒரே குரல் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"என்னடி, காது கேக்கலியா?" சிரித்துக்கொண்டே கேட்டார்.

"வரேங்க" என்றேன், அக்கா சொல்வது போலவே.

அவர் மறுபடி டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் அசையாமல் அங்கேயே நின்றேன். வெளியே போனால் அவருக்குத் தெரிந்துவிடும்.