மகள் பயப்படுறா

கடலோரக் களப்பைக் கடந்து உச்சமுனைத் தீவுக்கு மகளோடு போகும் வழியில், நான் ஓட்டிய படகின் எஞ்சின் இருமி நின்றது. சுற்றுலா வந்த பெண் ஒருவர் பதறி எழுந்தார்.

அந்த இருமலை எட்டு வயதில் கேட்டிருக்கிறேன். யுத்தம் முடிந்து வந்த முதல் லீவு. மலைக் கிராமத்திலிருந்து கடல் பார்க்க வந்த, வாப்பாவுக்கு மச்சி முறையான மாமி, இதே களப்பில் வாப்பாவின் படகு நின்றதும் எழுந்துவிட்டார். படகு சரிந்தது. மண்ணெண்ணெய் நெடி மூக்கில் ஏறியது.

"மச்சி, மகள் பயப்படுறா. இருந்து அவளப் புடிச்சிக்கொள்ளுங்க," என்றார் வாப்பா, மெதுவாக.

மாமி உட்கார்ந்து என்னை இறுக்கிக்கொண்டார். எனக்கோ பயமே இருக்கவில்லை. வாப்பா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அதன் பிறகே பயந்தேன்.

"அக்கா, மகள் பயப்படுறா. இருந்து புடிச்சிக்கொள்ளுங்க," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

அவர் உட்கார்ந்தார். அவர் பிடிக்குள் இருந்தபடி, மகள் என் முகத்தையே பார்த்தாள்.