கை நனைக்காத காப்பி

எங்கள் வீட்டில் காப்பி குடிக்கிறவர்கள் யாரும் கிடையாது. ஆனால் காப்பி போடத் தெரியாதவர்களும் கிடையாது. பாகூர் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், ஒரு எருமை, காலையில் நீராகாரம், பகலில் கூழ். இதுதான் எங்கள் குடித்தனம். என்னைப் பெண் பார்க்க யாராவது வந்தால் மட்டும் அம்மா காப்பி போடுவாள். வந்தவர்களும் அதைக் குடிக்க மாட்டார்கள்.

அது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சு முடிகிறவரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் ஊரில் தலைகாட்ட முடியாது. அதற்காக வந்தவர்கள் முன்னால் ஒன்றும் வைக்காமல் இருந்தாலும் மரியாதைக் குறைச்சல். முன்பெல்லாம் மோர் வைப்பார்களாம். நான் பெரியவளானபோது காப்பி வந்துவிட்டது. காப்பி வைத்தால் வசதியான வீடு என்று பேர். நாங்கள் வசதியான வீடு இல்லை, அதனால்தான் தவறாமல் காப்பி வைத்தோம்.

ஆட்கள் வருகிறார்கள் என்று சேதி வந்ததும் அப்பா பாகூர் கடைத்தெருவில் இருந்த ராவுத்தர் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் காப்பிக்கொட்டை வாங்கி வருவார். ராவுத்தர் பொட்டலம் கட்டும்போதே எந்த ஊர் ஆட்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வார். அம்மா மண்சட்டியில் கொட்டையைப் போட்டு, கை விடாமல் கிளறி, கருகுவதற்குள் இறக்கிவிடுவாள். சூடு ஆறியதும் நான் உரலில் போட்டு இடிப்பேன். கொதிக்கிற தண்ணீரில் பொடியைப் போட்டு மூடி வைத்து, தூள் அடியில் தங்கியதும் வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெல்லமும் எருமைப் பாலும் சேர்த்தால் காப்பி. வறுக்கும்போது கிளம்புகிற வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும். எனக்கு ஆள் வருகிற விஷயம் யாரும் சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த வாசனையை நான் வெறுத்தேன்.

தவழ்கிற வயதில் நான் கொதிக்கிற கஞ்சிப் பானையில் வலது கையை விட்டுவிட்டேனாம். மோதிர விரலும் சுண்டு விரலும் ஒன்றோடொன்று ஒட்டி, புறங்கைத் தோல் சுருங்கிப் பளபளப்பாக இருக்கும். அந்தக் கையால் நாற்று நட்டிருக்கிறேன், மாவு இடித்திருக்கிறேன், எருமை கறந்திருக்கிறேன். எருமைக்கு என் கையைப்பற்றி ஒரு புகாரும் இல்லை. ஆனால் காப்பித் தட்டை ஒரு கையால் ஏந்த முடியாது. இரண்டு கையும் வெளியே தெரிந்தாக வேண்டும். பெண்ணைக் காப்பி கொண்டுவரச் சொல்வதே கையைப் பார்க்கத்தானோ என்று எனக்குத் தோன்றும்.

வந்தவர்களின் பார்வை என் முகத்தில் தொடங்கும், தட்டுக்கு இறங்கும், அங்கேயே நின்றுவிடும். பிறகு மழை, விளைச்சல், மாட்டுச்சந்தை என்று பேச்சு எங்கெங்கோ போகும். ஊருக்குப் போய்ச் சேதி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். டம்ளர்கள் நிறைந்தபடியே இருக்கும், மேலே ஆடை படிந்திருக்கும். தட்டைத் திரும்ப உள்ளே எடுத்துப் போகிற வேலையும் என்னுடையதுதான். அந்தக் காப்பியை எங்கள் வீட்டில் யாரும் குடிக்க மாட்டோம். அம்மா கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுவாள். அந்த மரம் நன்றாகத்தான் காய்த்தது.

இப்படிப் பல தடவை நடந்த பிறகு வில்லியனூரிலிருந்து ஒரு சொல்தா குடும்பம் தங்கள் மூத்த மகனுக்குப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். சொல்தா, அவருடைய மனைவி, மனைவியின் தம்பி, மூன்று பேரும் வந்தார்கள். அவர் வேட்டிமேல் பட்டாளத்துக் கோட்டு போட்டிருந்தார். நான் தட்டை எடுத்துப்போனேன். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அந்த அம்மாளின் கண் வழக்கம்போல என் கையில் வந்து நின்றது. தம்பிக்காரர் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

சொல்தா கையை நீட்டி ஒரு டம்ளரை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். குடித்தார்.

அந்த அம்மாள் அவர் முழங்கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். அவர் டம்ளரைக் காலி செய்து தட்டில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அப்பா அதற்குமேல் காத்திருக்கவில்லை. ஒரே ஓட்டமாக உள்ளே போய் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார். அப்பா அவ்வளவு வேகமாக நடந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்குள் என் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அந்த அம்மாள் என் மாமியார் ஆனார். கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே கதையைச் சொன்னார். சைகோனிலேயே இருந்து இருந்து இந்த மனுஷனுக்கு நம்ம வழக்கமெல்லாம் மறந்துபோச்சு, காப்பியைக் கண்டதும் எடுத்துக் குடிச்சிட்டாரு, கை நனைச்ச பிறகு நான் என்ன பண்ண முடியும் என்பார். கேட்டவர்கள் சிரித்தார்கள். வில்லியனூரில் எனக்குக் காப்பி மருமவ என்று பேர் வந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் இந்தப் பேச்சு வந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விடுவார். எங்கள் மாடுகள் அந்த வருஷம் ரொம்பத் தண்ணீர் குடித்தன.

மாமனார் வீட்டுக் காப்பி வேறு மாதிரி. சைகோனிலிருந்து அவர் கொண்டுவந்த, அடியில் பொடிப்பொடி ஓட்டை போட்ட தகரக் குவளை ஒன்று இருந்தது. அதைப் பெரிய பீங்கான் கிண்ணத்தின் மேல் உட்காரவைத்து, பொடியை அழுத்தி, வெந்நீர் ஊற்றிவிட்டு, எதிரில் சம்மணம் போட்டுக்கொள்வார். சொட்டுச் சொட்டாக இறங்கும். அதுவரை யாரும் அவரிடம் பேசக் கூடாது. பிறகு நீளமான பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்து அதில் முக்கிச் சாப்பிடுவார். மாடு கழனித் தண்ணியில வாய வைக்கிற மாதிரி என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். கொஞ்ச நாளில் வெந்நீர் ஊற்றுகிற வேலை எனக்கு வந்தது. மாமனார் தன் கிண்ணத்திலிருந்து பாதியை என் டம்ளரில் ஊற்றுவார். காப்பியை நான் முதன்முதலாகக் குடித்தது அங்கேதான். கசந்தது. மறுநாள் எப்போது விடியும் என்று இருந்தது.

மாமியார் மட்டும் என் கைக் காப்பியைத் தொட மாட்டார். காப்பியால வந்தது ஒண்ணு போதும் என்பார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் எனக்குச் சோறு செரிக்காது. முதல் பிரசவத்தில் எனக்கு ஜன்னி கண்டபோது என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு எனக்குத்தான். ஆனால் அந்த ஒரு பேச்சை அவர் விடவில்லை. என்மேல் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அதை வேடிக்கையாகச் சொன்னார், எனக்கு அதுதான் வலித்தது. இந்த வீட்டுக்கு யாரும் என்னைக் கேட்டு வரவில்லை, ஒரு மனுஷனின் மறதியில் நான் வந்து விழுந்திருக்கிறேன். அடுப்பு மூட்டும்போதும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் இந்த நினைப்பு வரும்.

மாமனாரிடமே கேட்டுவிடலாம் என்று பல நாள் வாயெடுத்திருக்கிறேன். சொட்டு இறங்குகிற நேரத்தில் அவரும் நானும் மட்டும்தான் இருப்போம். ஆனால், ஆமாம்மா, மறந்துதான் போனேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு வெந்நீர் ஊற்றுவது? கேட்காமலே இருந்துவிட்டேன்.

சண்டைக்காலம் வந்தது. சைகோனிலிருந்து கப்பல் வருவது நின்றது. காப்பிக்கொட்டை கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. அந்தச் சமயத்தில் கொழுந்தனாருக்குக் கரியமாணிக்கத்தில் பெண் பார்க்கப் போனோம். மாமனார், மாமியார், மூத்த மருமகள் என்ற முறைக்கு நான். வண்டி ஓட்டியது என் வீட்டுக்காரர். வழியில், பிரெஞ்சு ஊர்களுக்கு நடுவே குறுக்கிட்ட இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடியில் வண்டியை நிறுத்தி மாமியாரின் சுருக்குப்பையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். அந்த எரிச்சலோடுதான் அவர் பெண் வீட்டில் வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வெளியிலேயே இருந்துகொண்டார்.

பெண் தட்டோடு வந்தாள். கறுப்பாக, களையாக இருந்தாள். நல்ல உயரம், எங்கள் கொழுந்தனாரைவிட ஒரு விரற்கடையாவது கூடுதல். மாமியாரின் பார்வை அவள் காலிலிருந்து தலைவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணும் அதைப் பார்த்துவிட்டாள். தோளைக் குறுக்கிக்கொண்டாள். தட்டில் டம்ளர்கள் இடித்துக்கொண்டன. அவள் தட்டை எங்கள் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் மாமனாரைப் பார்த்தேன். இப்போது கையை நீட்டுவார் என்று நினைத்தேன். காப்பியைக் கண்டால் மறந்துவிடுகிறவர் ஆயிற்றே. அதுவும் பல மாதமாக நல்ல காப்பியே பார்க்காதவர். அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா மழையைப்பற்றிப் பேசினார். மாமனார் மழையைப்பற்றியே பதில் சொன்னார். காப்பியில் ஆவி அடங்கியது, ஆடை படிய ஆரம்பித்தது. அவர் கை அசையவே இல்லை.

மாமியாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா வெற்றிலை எடுத்துவர உள்ளே போன நேரம் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"இன்னா, இன்னிக்கு டம்ளரத் தொடல?"

"பேசி முடிக்காம எப்படிக் கை நனைக்கிறது?" என்றார் மாமனார்.

மாமியார் அவர் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டார். பிறகு இன்னும் தணிந்த குரலில், "அப்ப அன்னிக்கு?" என்றார்.

மாமனார் என் பக்கம் திரும்பவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்குப் பேசறதுக்கு இன்னா இருந்துச்சு?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அடுத்தவர் வீட்டில் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் நான் கேட்கப் பயந்ததற்குப் பதில் அவ்வளவுதான். அவர் மறக்கவில்லை. எல்லா வழக்கமும் தெரிந்துதான் அன்று டம்ளரை எடுத்திருக்கிறார். மாமியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தபோதும் தன்னை மறதிக்காரன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். அவர் வாயைத் திறந்திருந்தால் மாமியாரின் கோபமெல்லாம் என்மேல் திரும்பியிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாமியார் முந்தானையைச் சரி செய்துகொண்டார், தொண்டையைச் செருமிக்கொண்டார். பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டை அணைத்துப் பிடித்தபடி வந்து, அதைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். என் அப்பா அப்படித்தான் நின்றிருப்பார், வந்தவர்கள் எழுந்து போன ஒவ்வொரு தடவையும். மாமியார் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். தான் குடிக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"இந்தாடி. பெரிய மருமவ நீதான. நீ கை நனை."

நான் வலது கையை நீட்டினேன். அந்த வீட்டு ஆட்கள் முன்னால் அவர் என் ஒட்டிய விரல்களின்மேல் தன் விரல்களை வைத்து, டம்ளர் நழுவாதபடி அழுத்திக் கொடுத்தார்.

காப்பி ஆறிப்போயிருந்தது. வெல்லம் தூக்கல். பொடியில் பாதிக்குமேல் வறுத்த புளியங்கொட்டை என்று முதல் வாயிலேயே தெரிந்தது. இருந்த கொஞ்சக் கொட்டையை எங்களுக்காக எங்கெங்கே தேடி வாங்கினார்களோ. அடியில் தங்கிய தூள்வரைக்கும் விடாமல் குடித்தேன். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. காலி டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டேன்.