வால்தம்ஸ்டோ வீட்டின் வாக்காளர் படிவம்

நான், என் மனைவி, மாடியறைத் தம்பிமார் இருவர், வீட்டுக்கார அண்ணை. மேசையில், இந்த லண்டன் பகுதியின் நகரசபையான கவுன்சில் அனுப்பிய வாக்காளர் படிவம். பொதுநலவாய நாட்டவரான எங்களுக்கும் இங்கே வாக்குண்டு.

“என்ர பேரை மட்டும் எழுது. இத்தனை பேர் இருக்கிறது தெரிஞ்சா கவுன்சில்காரன் வந்து நிப்பான்,” என்று அண்ணை பேனையைத் தந்தார்.

முந்தைய வருடம் பயந்து தலையாட்டியவன் நான். இம்முறை ஊரில் நடந்த ஒரு தேர்தல் நினைவுக்கு வந்தது. அங்கே நான் வாக்குச்சாவடிக்குப் போகுமுன்பே என் வாக்கை எவனோ போட்டுவிட்டிருந்தான்.

அண்ணையின் பெயரோடு எங்கள் நால்வரின் பெயர்களையும் எழுத்துக்கூட்டி எழுதினேன்.

“அப்ப இந்த வீட்டில இருக்கேலாது, கண்டியோ?”

“ஓம் அண்ணை. போறம்.”

படிவத்தை நானே தபாலில் போட்டேன். நால்வரும் தோர்ண்டன் ஹீத்துக்குக் குடிபோனோம். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் வாக்கு பழைய விலாசத்தில்தான் இருந்தது. லண்டனின் தெற்கிலிருந்து வடக்கே ரயிலேறிப் போய் வரிசையில் நின்றோம். வென்றது யாரென்று மறந்துவிட்டேன். எங்கள் கையாலேயே போட்ட வாக்குகள் நான்கு.